எபிஜெனிடிக்ஸ்: ‘மேல்மரபியல்’ வேண்டாம், ‘மேற்குறி மரபியல்’ என்போம்

வணக்கம் ஐயா,

டி.என்.ஏ.வின் எழுத்துவரிசை மாறாமலேயே மரபணுக்களின் செயல் மாறுவதை ஆராயும் துறை எபிஜெனிடிக்ஸ். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த ‘மேல்மரபியல்’ என்ற சொல்லை இரண்டு நாளாக நாவில் உருட்டிப் பார்த்தேன். ஒப்ப முடியவில்லை. புணர்ச்சி விதிப்படி அது ‘மேன்மரபியல்’ ஆகும். மேன்மக்கள், மேன்மை என்ற வரிசையில் போய் நின்றுவிடும். பிறப்பில் மேல் கீழ் பார்க்கும் கொடுமை இன்னும் தீராத நாட்டில் மாணவர் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘புறமரபியல்’ என்பதும் சரிவராது. நடப்பதெல்லாம் உட்கருவுக்குள்ளே, டி.என்.ஏ இழையின் மீதே.

1942இல் உயிரியலாளர் வாடிங்டன் ‘எபிஜெனிடிக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை உருவாக்கியபோது டி.என்.ஏ.வின் அமைப்பே தெரியாது. மரபணுக்களிலிருந்து உடல் உருப்பெறும் வழியைத்தான் அவர் கருதினார். எனவே ‘மேல்’ என்று பொருள்படும் அவருடைய ‘எபி’ முன்னொட்டை மொழிபெயர்ப்பதைவிட, அந்தத் துறை இன்று எதைப் பார்க்கிறது என்று கேட்டுச் சொல் தேடலாம்.

அது பார்ப்பது குறிகளை. எழுத்தை மாற்றாமல் எழுத்தின்மேல் ஏறும் குறிகள். ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால் வடிவம் அப்படியே நிற்க, அகர ஒலி மட்டும் அடங்கிவிடுகிறதல்லவா? டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின்மேல் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி அமர்வதும் பல இடங்களில் அப்படித்தான். எடுத்துக்காட்டாக, லினேரியா செடியின் பூவில் இடமும் வலமும்தான் ஒத்திருக்கும். 1744இல் தாவரவியலாளர் லினேயஸ் விவரித்த வகையிலோ ஐந்து பக்கமும் ஒன்றுபோல் விரிந்திருந்தது. ஒரு மரபணுவின்மேல் மெத்தில் அடர்ந்து ஏறியதால் அது வாயடைத்துக் கிடந்தது என்று 1999இல்தான் தெரிந்தது. அந்நிலை விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போனது. சில செடிகளில் மெத்தில் இறங்கியதும் பூ பழைய வடிவுக்குத் திரும்பியது!

உணவும் குறிகளை மாற்றும். தேனீக் கூட்டில் அரசகூழை (ராயல் ஜெல்லி) தொடர்ந்து உண்ட பெண்புழு ராணியாகிறது; மூன்று நாளில் தேனும் மகரந்தமும் கலந்த தீனிக்கு மாறியது பணித் தேனீயாகிறது. முட்டையில் வேறுபாடு கிடையாது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெத்தில் ஏற்றும் நொதியைப் புழுக்களில் அடக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ராணிக்குரிய சூலகத்தோடு வளர்ந்தன.

ஆகவே என் பரிந்துரை ‘மேற்குறி மரபியல்’. கேள்விக்குறி, வியப்புக்குறி என்று பள்ளியிலேயே பழகிய குறிதான். குறிகளின் முழுத் தொகுதியை ‘மேற்குறித்தொகை’ எனலாம். மெத்தில் ஏறுவது ‘மெத்திலேற்றம்’, கழல்வது ‘மெத்திலிறக்கம்’. டி.என்.ஏ இழை சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டும் அசெட்டைல் என்ற வேதித் தொகுதிக்கும் ‘மேற்குறி’ என்ற சொல் பொருந்தும்.

ஓர் இடத்தில் மட்டும் தயங்குகிறேன். சில சிறிய ஆர்.என்.ஏ மூலக்கூறுகளும் மரபணுவை அடக்குகின்றன. அவை எதன்மேலும் ஏறி நிற்கும் குறிகள் அல்ல. அவற்றையும் ‘குறி’ என்ற சொல்லுக்குள் அடக்கலாமா? வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.