மறு: "நெஞ்சடி மாரடைப்பு" – சொல் பரிந்துரை

> மார்பில் பலத்த அடி விழுந்தபின் வரும் இதய பாதிப்புகள் அனைத்துக்கும் "நெஞ்சடி மாரடைப்பு" என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. நாவில் எளிதாகப் புரளும் சொல்தான். ஆனால் மூன்று வெவ்வேறு நிலைகள் அந்த ஒரு பெயருக்குள் போய்விடுகின்றன. மருத்துவம் மூன்றுக்கும் வேறு வேறு என்பதால் இதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

முதலாவது, கமோஷியோ கார்டிஸ், அதாவது மார்பில் விழும் அடியால் இதயம் திடீரென நின்றுபோவது. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பஃபலோ பில்ஸ் வீரர் டாமர் ஹாம்லினுக்கு நேர்ந்தது இதுதான். மோதியவர் எழுந்து நின்றார். ஓரிரு நொடியில் அப்படியே பின்னால் சாய்ந்தார். இரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும், ஈசிஜி வரைபடத்தில் டி அலை என்ற மேடு உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன், சில பத்து மில்லிவிநாடி நேரம் இதயம் மின்னளவில் நிலையற்று இருக்கிறது. அடி சரியாக அந்த நேரத்தில் விழுந்தால் கீழறைகள் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகின்றன. மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே ஆண்டு மீண்டும் ஆடினார். இதை மாரடைப்பு என்று எழுதவே கூடாது. இதயம் நின்றுபோவதையும் மாரடைப்பையும் நம் செய்தித்தாள்கள் ஏற்கெனவே குழப்புகின்றன. நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம். உங்கள் "நெஞ்சடி" இங்கேதான் கச்சிதமாகப் பொருந்துகிறது: நெஞ்சடி இதயநிறுத்தம்.

இரண்டாவது, இதயத் தசையே நசுங்கிக் கன்றிப்போவது. "இதயக் கன்றல்" போதும். தோல் கன்றிப்போவதை எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

மூன்றாவதுதான் உண்மையான மாரடைப்பு. கார் மோதும்போது ஸ்டியரிங் மார்பில் இடிக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் இடது தமனியின் உட்சுவர் கிழிகிறது; கிழிசலில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. விலா எலும்பு முறிந்த வலி என்றே நோயாளியும் மற்றவர்களும் நினைத்துவிடுவார்கள். இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் டிராபோனின் என்ற புரதம் கன்றலிலும் உயரும், இதிலும் உயரும். பெரும்பாலும் ஆஞ்சியோ (இதயத் தமனிகளில் சாயம் செலுத்திப் படம்பிடிப்பது) செய்துதான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வழக்கமான மாரடைப்பு என்று எண்ணி, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் போட்டால், அதே விபத்தில் மண்ணீரலிலோ தலையிலோ அடிபட்டிருப்பவருக்கு இரத்தக்கசிவு உயிருக்கே ஆபத்தாகிவிடும். காரணம் பெயரிலேயே தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். என் பரிந்துரை: ஊமைக்காய மாரடைப்பு.

> ஊமைக்காயம் பேச்சுவழக்கு அல்லவா? "மழுங்கு விசைக் காயம்" என்றால் துல்லியமாக இருக்குமே.

அம்மா, "மழுங்கு விசை" என்றதும் எது மழுங்கியது என்று வாசகர் கேட்பார். "வெளியில ஒண்ணும் தெரியல, ஊமைக்காயமா இருக்கும், டாக்டர்ட்ட காட்டு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதில் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது: தோல் கிழியவில்லை, சேதம் உள்ளே. பேச்சுவழக்கு என்பதற்காக ஒதுக்கினால் "கன்றல்", "சுளுக்கு" எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கத்திக்குத்து, துப்பாக்கிக் குண்டு போன்றவற்றால் தமனி அறுபட்டு வரும் மாரடைப்பு இதில் அடங்காது. அதற்கு "ஊடுருவுகாய மாரடைப்பு" என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், சற்று நீளம்தான். சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.