நெகட்டிவ் என்று வந்த ரத்த மாதிரியை எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும்?

வெள்ளணு:
ஈடிடிஏ டியூபில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள டியூப்) வரும் 10 மில்லி மனித ரத்தத்திலிருந்து ஃபிகால் முறையில், அதாவது அடர்த்தியான ஃபிகால் திரவத்தின் மேல் ரத்தத்தை ஊற்றிச் சுழற்றி, வெள்ளணுக்களைப் பிரிக்கிறோம். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் நெகட்டிவ் என்று பார்த்த பிறகுதான் ரத்தம் எங்களிடம் வருகிறது. ஒரு ஜோடி கிளவுஸ் போட்டுக்கொண்டு திறந்த மேசையில் வேலை செய்கிறோம், சிந்தினால் 70% ஆல்கஹாலால் துடைக்கிறோம். இது போதுமா? மூடியைத் திறக்கும்போது சில சமயம் ‘டப்’ என்று தெறிக்கிறது, அதற்கு என்ன செய்வது?

சுழலி:
போதாது. புதிதாகத் தொற்றியவரின் ரத்தம் சில நாள் முதல் சில வாரம் வரை பரிசோதனையில் பிடிபடாது. அதுவும் மூன்று வைரஸுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். எந்த டியூப் வந்தாலும் தொற்றுள்ளது என்றே வைத்துக்கொண்டு, உயிரிப் பாதுகாப்பு இரண்டாம் நிலை (பிஎஸ்எல்-2) விதிகளின்படி, காற்றை வடிகட்டும் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் வேலை செய்யுங்கள்.

தெறிப்பதற்குக் காரணம், ரப்பர் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் ரத்தப் படலம். கட்டைவிரலால் நெம்பினால் மூடி சட்டென்று விடுபடும், படலம் அறுந்து நுண்துளிகளாகப் பறக்கும். டியூபைச் சில நிமிடம் நிமிர்த்தி வைத்தால் மூடியில் இருக்கும் ரத்தம் கீழே வடியும். பிறகு நான்காக மடித்த காஸ் துணியால் மூடியை முழுக்கப் பொத்திப் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, திருகியபடியே மெதுவாக மேலே இழுங்கள். அந்தக் காஸை மேசையில் வைக்காமல் நேராகத் தொற்றுக்கழிவுப் பையில் போடுங்கள்.

உண்மையில் மூடியைவிட சென்ட்ரிஃபியூஜ் (டியூபைச் சுழற்றும் மெஷின்) தான் எனக்குக் கவலை. 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை), 30 நிமிடம், பிரேக் இல்லாமல் என்பது எல்லாருக்கும் தெரியும். டியூபைத் தாங்கும் பக்கெட்டுக்கு மூடி போடுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டியூபை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பக்கெட்டில் டியூபை வைப்பதும் எடுப்பதும் கேபினெட்டுக்குள்ளேயே நடக்கட்டும். சுழலும்போது உடையும் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு 30 நிமிடம் திறக்காதீர்கள். உள்ளே மிதக்கும் துளிகள் படிய அவ்வளவு நேரம் ஆகும். கண்ணாடிப் பாஸ்டர் பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள்.

பத்துக்கு_ஒன்று:
ஆல்கஹால் பற்றி நான் சொல்கிறேன். அது ரத்தத்தில் உள்ள புரதத்தை உறைய வைத்துவிடும், உறைந்த பொருக்குக்கு அடியில் வைரஸ் பத்திரமாக இருக்கும். போதாததற்கு, வேலை செய்யுமுன்பே ஆவியாகியும் போகும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் அறை வெப்பநிலையிலேயே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும்.

சிந்தினால் முதலில் டிஷ்யூ காகிதத்தால் மூடுங்கள். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் ரத்தம் வெளியே பரவும். 10 நிமிடம் விட்டு எடுத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி பிளீச் போட்டு இன்னொரு 10 நிமிடம் விடுங்கள். முதல் சுற்றுக் குளோரினில் பெரும்பகுதியை ரத்தமே தின்றுவிடும் என்பதால் இரண்டாம் சுற்று அவசியம். கடைசியில் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் அரித்துப்போகும். கரைசலை அன்றன்றைக்குக் கலந்து, பாட்டிலில் தேதி எழுதுங்கள்.

வெள்ளணு:
மிக்க நன்றி. அதே ரத்தத்திலிருந்து ஆர்என்ஏவும் எடுக்கிறோம். அதற்குப் பயன்படுத்தும் டிரைசால் என்ற கரைசலின் கழிவையும் பிளீச் குடுவையிலேயே ஊற்றிவிடலாமா?

பத்துக்கு_ஒன்று:
கூடவே கூடாது! டிரைசாலில் உள்ள குவானிடின் தயோசயனேட் பிளீச்சோடு சேர்ந்தால் சயனைடு வகை நச்சு வாயு கிளம்பும். ஆர்என்ஏ கிட்டில் வரும் லைசிஸ் பஃபர் (செல்லை உடைக்கும் கரைசல்) பலவற்றிலும் குவானிடின் உண்டு, லேபிளைப் பாருங்கள். இவற்றுக்குத் தனிப் பாட்டில் வைத்து ரசாயனக் கழிவாக அனுப்புங்கள். பிளீச் கலந்த எதையும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் மெஷின்) வைக்காதீர்கள், அதுவும் நச்சு வாயுதான்.

தடுப்பூசி_அட்டை:
ஒன்று விட்டுப்போயிற்று. ரத்தத்தைத் தொடும் ஒவ்வொருவரும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். கடைசி ஊசிக்கு 1–2 மாதம் கழித்து ஆன்டிபாடி பாருங்கள், லிட்டருக்கு 10 சர்வதேச யூனிட்டாவது இருக்க வேண்டும். தடுப்பூசி இல்லாதவருக்கு, தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு 6 முதல் 30%. எச்ஐவிக்கு அது சுமார் 0.3% தான்.

குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். குத்திய ஊசியில் எந்த டியூபின் ரத்தம் இருந்ததோ அந்த டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதன் எண்ணைத்தான்.