ஆடிஷனுக்குக் கண்ணகியா, வள்ளியம்மையா?

சாட்ஸ்வொர்த் அம்மா: என் மகளுக்கு 16 வயது. டர்பனில் நடிப்புப் படிப்புக்கு ஆடிஷன். இரண்டு நிமிடம் தனியாக நடிக்க வேண்டும், தமிழிலும் செய்யலாமாம். தேர்வாளர்களுக்குத் தமிழ் தெரியாது. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் இடத்தை எடுத்திருக்கிறாள். சரிப்படுமா?

நாடகக்காரன்: வேண்டாம் அம்மா. கண்ணகி என்றாலே பிள்ளைகள் முதல் வரியிலேயே கத்திவிடுகிறார்கள். சின்ன அறையில் அதற்குமேல் குரல் எங்கே ஏறும்? தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறாளே! ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவள். இங்குள்ள இந்தியர் உரிமைக்காகக் காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் சிறை போனாள், காய்ச்சலோடு வெளியே வந்தாள், 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தாள். சிறை போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போதும் போகத் தயார் என்றாள். நம் மண்ணின் பிள்ளை, உங்கள் மகள் வயது.

தமிழ்ப்பள்ளி அக்கா: தம்பி, வள்ளியம்மை பெயரைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் அவள் வாய்ச்சொல்லாக நமக்குக் கிடைத்தது ஓரிரு பதில்தான். மீதியை நாம் எழுதினால் இரங்கல் உரையாகிவிடும்.

கண்ணகி எங்கே கத்துகிறாள்? ‘தேரா மன்னா’, அதாவது ஆராயாத அரசனே, என்றவள், அடுத்து புறாவின் துயர் தீர்த்தவனைச் சொல்கிறாள். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்கிறாள். நீதி இன்னதென்று அரசன் முன் வைத்துவிட்டுத்தான் ஊர், மாமனார், கொலையுண்ட கணவன் எல்லாம் வருகின்றன. தன் பெயர் கடைசியில்: ‘கண்ணகி என்பது என் பெயரே.’ அதுவரை அடக்கிப் பேசட்டும். தமிழ் தெரியாதவருக்கும் அந்த வரி புரியும்.

நாடகக்காரன்: கைம்பெண்ணின் துயரம் இந்த வயதுக்கு ஒட்டுமா அக்கா? வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகள் செய்யுளை ஒப்பிப்பார்கள், பேசமாட்டார்கள்.

தமிழ்ப்பள்ளி அக்கா: மணமானபோது கண்ணகிக்கு 12 வயது என்கிறார் இளங்கோ. அவளும் இளம்பெண்தான். ஒப்பிப்பது பற்றி நீங்கள் சொன்னது உண்மை. முதலில் பொருளைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பழகட்டும். செய்யுள் பிறகு.

சாட்ஸ்வொர்த் அம்மா: நேற்றிரவு அவள் அப்பாவை அரசனாக உட்கார வைத்தோம். முதலில் கத்தினாள். ‘உன் தம்பியைத் திருடன் என்று சொன்னவரிடம் பேசு’ என்றேன். குரல் தானாக இறங்கியது. பெயர் சொல்லும் இடத்தில் அவர் தலைகுனிந்துவிட்டார். கண்ணகியே இருக்கட்டும் ஐயா.

நாடகக்காரன்: சரி அம்மா. தேர்வாளர் கண்ணைப் பார்த்து ‘தேரா மன்னா’ என்று சொல்ல வேண்டாம், அவர்களுக்குச் சங்கடமாகும். அவர்கள் தலைக்குச் சற்று மேலே, சுவரில் அரசனை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.