பேர் அட்டை இல்லாத வெள்ளை டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டோட பெத்தவங்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

காட்பாடி மாடித்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில மொட்டைமாடி பச்சை வலைக்குக் கீழே பதினாலு டென்ட்ரோபியம் வளர்க்கிறேன். தை மாசம் அதுல சோனியாங்கிற கலப்பினத்தோட பூவுல, ஒரு வெள்ளைப் பூவோட மகரந்தத்தைப் பல்குச்சியால எடுத்து வெச்சேன். பூ நடுவுல மகரந்தத்தை மூடியிருக்கிற சின்ன மூடியைத் தள்ளினா மஞ்சளா நாலு துணுக்கு, குச்சி நுனியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நாள்ல பூ வாடி, பின்னாடி காம்பு பருக்க ஆரம்பிச்சது. இப்போ காய் என் சுண்டுவிரல் நுனி அளவு. சோனியாவுக்கு அட்டை இருக்கு. வெள்ளை, தள்ளுவண்டியில வாங்கினது. கேட்டதுக்கு "வெள்ளை ஆர்க்கிட்ம்மா, அவ்ளோதான்"னார். பிறக்கப்போற செடிக்குப் பேர் பதிவு பண்ணணும்னு ரொம்ப ஆசை. வழி இருக்கா?

ஆம்பூர் அண்ணன்:
சோனியாவைப் பத்திக் கவலையே வேணாம்மா. லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தோட ஆர்க்கிட் பதிவேட்டுல தேடுங்க, சீசர் × டோமி டிரேக்னு வரும். முதல்ல இருக்கிறது காய் சுமந்த தாய், அடுத்தது மகரந்தம் கொடுத்த தகப்பன். சீசரைத் தேடினா அதோட பெத்தவங்க, இப்படியே காட்டு இனம் வரைக்கும் ஏறிப்போகலாம். நான் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் இப்படி ஏறிக்கிட்டே இருந்திருக்கேன். சோனியாங்கிறது குடும்பப் பேர். அந்த ரெண்டுக்கும் பிறந்த எல்லாத்துக்கும் அதே பேர்தான். அட்டையில பக்கத்துல 17, 28னு எண் இருந்தா அதையும் விடாதீங்க, அது குறிப்பிட்ட ஒரு செடியைச் சொல்லுது.

வெள்ளைதான் சிக்கல். பூவைப் பார்த்து வம்சம் சொல்ல முடியாது. வேற வேற பெத்தவங்களுக்குப் பிறந்த ரெண்டு வெள்ளை அச்சா ஒரே மாதிரி இருக்கும். போட்டோ பார்த்து யாராவது பேர் சொன்னா நம்பி எழுதிடாதீங்க. தாய் தகப்பன் ரெண்டும் உறுதியாத் தெரியணும், குட்டி பூத்திருக்கவும் வேணும், அப்போதான் பதிவு.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மார்க்கர்ல எழுதின அட்டையெல்லாம் ஒரே சித்திரை வெயில்ல வெளுத்துப்போச்சு. பதினோரு செடிக்குப் பேரே இல்ல. மூணு வருஷம் வளர்த்த குட்டிக்குத் தகப்பன் யாருன்னு இன்னிக்கும் தெரியாது. அதுலேர்ந்து பென்சில்தான். நம்ம ஊர் வெயிலுக்கு அது நிக்குது. நோட்டுலயும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

குடியாத்தம் பசுமை:
அக்கா, காய் வெடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமிச்ச சாப்பாடு கிடையாது. மண்ணுல போட்டா வராது. பச்சைக் காயாவே திசு வளர்ப்பு லேபுக்குக் கொடுத்தா கண்ணாடிக் குடுவையில முளைக்க வெச்சுத் தருவாங்க.

காட்பாடி மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றிண்ணா, தம்பி. இப்பவே மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அட்டைக்குப் பின்பக்கம் 17னு இருக்கு, இத்தனை நாள் அது விலைன்னு நினைச்சுட்டேன். மகரந்தம் வெச்ச தேதி போன் போட்டோவுல கிடைச்சது, ஜனவரி 19. "சோனியா 17 × வெள்ளை, பேர் தெரியாது"னு பென்சில்ல எழுதிக் கட்டிட்டேன். காயை வளர்க்கத்தான் போறேன், பேர் இல்லாட்டியும் பரவாயில்ல. சோனியாவுல அடுத்த கொத்து மொட்டு விட்டிருக்கு. பேர் உறுதியாத் தெரிஞ்ச டென்ட்ரோபியம் வேலூர் பக்கம் யார்கிட்டயாவது பூத்திருந்தா சொல்லுங்க, ஒரே ஒரு பூ போதும், நானே வந்து வாங்கிக்கிறேன்.