கடைக் கணினிகளில் டெபியன் டெஸ்டிங் போடலாமா?

அரசலாறு:
கும்பகோணத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு செய்யும் கடை வைத்திருக்கிறேன். எல்லாக் கணினியிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். லிப்ரே ஆபீஸ் இன்னும் 7.4-இலேயே நிற்கிறது. புது லேப்டாப்பில் வைஃபை வரவே இல்லை, அதன் மையநிரலான கெர்னல் 6.1-க்கு அந்த வைஃபை சில்லைத் தெரியவில்லை. பேசாமல், அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் இருக்கும் டெஸ்டிங்குக்குப் போய்விடலாமா?

வெண்ணாறு:
தாராளமாகப் போங்கள் அண்ணே. ஸ்டேபிள், அதாவது சோதித்து முடித்த நிலையான பதிப்பு, வெளிவருகிற அன்றைக்கே அதில் பாதி பழசு. வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே புதுப் பதிப்புகளை நிறுத்திவிடுகிறார்கள்.

குடமுருட்டி:
தம்பி, உங்கள் வீட்டுக் கணினி படுத்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு முடிகிற நேரம், சிட்டா அடங்கலோடு வாசலில் ஆள் நிற்கும்போது படுத்தால்? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், திருட்டுத்தனமாக உள்ளே நுழைய யாரோ வைத்த பின்வாசல் இருப்பது தெரிந்தபோது, அது டெஸ்டிங் வரைக்கும் வந்திருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்ததால்தான் தப்பித்தோம்.

வெண்ணாறு:
2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? கெர்னல் 6.1.64-இல், வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் ஈஎக்ஸ்டி4 முறையில் தரவையே கெடுக்கும் வழு. அது வந்தது உங்கள் ஸ்டேபிளில்தான்! டெபியன் 12.3-ஐ நிறுத்திவைத்து 12.4 விட்டார்கள்.

குடமுருட்டி:
நிறுத்தினார்களே, அதைத்தான் சொல்கிறேன். டெஸ்டிங்கில் பாதுகாப்புத் திருத்தம் பெரும்பாலும் அதற்கும் முந்தைய கட்டமான அன்ஸ்டேபிளில் விழுந்து, சில நாள் ஊறித்தான் கீழே வரும். ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேரடியாகத் தருகிறது. பதிப்பு எண் பழசாக இருப்பதால் ஓட்டையும் அப்படியே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். திருத்தத்தை மட்டும் எடுத்து அந்தப் பழைய பதிப்பிலேயே ஒட்டுகிறார்கள். கடைக்கு முக்கியமான ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் (உலாவியின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு) ஸ்டேபிளிலும் புதுசாகிக்கொண்டுதான் இருக்கும்.

வெண்ணாறு:
ஒட்டுவது யார்? சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும். 7.4-இல் வழு என்று லிப்ரே ஆபீஸ்காரர்களிடம் சொன்னால், புதுப் பதிப்பில் பார்த்துவிட்டு வா என்பார்கள். அவர்கள் என்றைக்கோ சரிசெய்ததை நாம் இரண்டு வருஷம் சுமக்கிறோம்.

குடமுருட்டி:
இது நியாயமான புகார், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து டெஸ்டிங் இல்லை. அரசலாறு சார், டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9. கெர்னல் 6.12, லிப்ரே ஆபீஸ் 25.2. லேப்டாப்பில் அதைப் போடுங்கள். 12-ஐ விட மனசில்லை என்றால் பழைய டெபியனுக்கு ஏற்பப் புது நிரல்களைத் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து கெர்னலை மட்டும் எடுங்கள்.

அரசலாறு:
ஒரு கணினி பழைய 32 பிட்.

குடமுருட்டி:
அதில் 13 ஏறாது. 32 பிட் பிசிக்கு கெர்னலும் நிறுவியும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை 12-இலேயே வைத்து பிரிண்டரோடு விட்டுவிடுங்கள்.

வெண்ணாறு:
சரி, கடைக்கு 13 என்றால் ஒத்துக்கொள்கிறேன். லிப்ரே ஆபீஸ் அடுத்த வருஷம் மறுபடி பழசாகும், அப்போது, டெபியன் பதிப்பைச் சாராமல் நிரல்களைத் தனியாக நிறுவும் ஃபிளாட்பேக்கில் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. என் லேப்டாப் டெஸ்டிங்கில்தான் இருக்கும். அங்கே யாரும் ஓட்டிப் பார்க்காவிட்டால் உங்கள் ஸ்டேபிளில் வழு குறைவது எப்படி?

அரசலாறு:
லேப்டாப்பில் இன்றைக்கே 13. மற்றவை காப்பீட்டுக் கெடு முடிந்த பிறகு.