மூட்டு மாற்று தோற்றுப்போச்சு, முழங்காலை மடங்காம இணைக்கச் சொல்றாங்க: ராடா, ரிங்கா?

மார்த்தாண்டம்_66:
அம்மாவுக்கு 66 வயசு, சுகர் உண்டு. வலது முட்டு மாற்றி 4 வருஷம். சீழ் பிடிச்சு, திறந்து கழுவியும் நிக்கல. இப்போ மூட்டை எடுத்துட்டு, அந்த இடத்துல தற்காலிகமா மருந்து கலந்த சிமெண்ட் கட்டை (ஸ்பேசர்) வச்சிருக்காங்க. முட்டுச் சிரட்டைக்குக் கீழே உள்ள தசைநாணும் அறுந்துட்டு. மறுபடி மூட்டு வேண்டாம், மடங்காதபடி இணைச்சுரலாம்னு திருவனந்தபுரத்து டாக்டர் சொல்றார். ராடு நல்லதா, வெளியே மாட்டுற ரிங்கா?

எலும்பு_வார்டு:
தசைநாண் அறுந்து, சீழும் திரும்ப வந்திருந்தா இணைக்கிறது நியாயமான முடிவுதான். ராடா ரிங்கான்னு பார்க்கிறதுக்கு முன்னால சீழ் அடங்கிச்சாங்கிறதைக் கேளுங்க. வழக்கமா 6 வாரம் மருந்து, பிறகு குறைஞ்சது 2 வாரம் மருந்தை நிறுத்திட்டு சிஆர்பி, ஈஎஸ்ஆர்னு அழற்சி காட்டுற ரத்த டெஸ்ட் பார்ப்பாங்க, ஊசி போட்டு நீர் எடுத்து, கிருமி வளருதான்னு பார்க்க கல்ச்சருக்கும் அனுப்புவாங்க. மருந்து ஓடிட்டு இருக்கும்போது எடுத்த கல்ச்சர்ல கிருமி வளரலைன்னா அதை நம்பி நிம்மதியா இருக்க முடியாது.

சீழ் அடங்கியிருந்தா ராடு. அதுல ரெண்டு வகை. இடுப்புப் பக்கம் துளைச்சு, தொடை எலும்பு வழியா கணுக்காலுக்குச் சற்று மேல வரை போகும் நீள ராடு ஒண்ணு. முட்டுப் பக்கம் சேர்த்துப் பூட்டுற குட்டை ராடு இன்னொண்ணு. அதே பக்கம் இடுப்பு மூட்டும் மாற்றியிருந்தா நீள ராடு இறங்காது. ராடு போட்டா சீக்கிரமே கால் ஊன்றலாம், எலும்பு கூடுற வாய்ப்பும் அதிகம். ஆனா கிருமி மிச்சமிருந்தா ராடு வழியா இடுப்பு வரை ஏறிரும். அப்படிச் சந்தேகம் இருக்கிறவங்களுக்குத்தான் ரிங், அதாவது தோல் வழியா எலும்புல பின் குத்தி, காலைச் சுத்தி வெளியே மாட்டுற வளையம். அதுல பல மாசம் தினமும் பின் துளையைச் சுத்தம் பண்ணணும், பின் துளையில சீழ் வர்றது சகஜம்.

மார்த்தாண்டம்_66:
நன்றி சார். கால் எவ்வளவு குட்டையாகும்? பஸ், கக்கூஸ் எல்லாம் எப்படி?

களியக்காவிளை_பிசியோ:
பழைய மூட்டை எடுத்த பிறகு எலும்பு முனை உள்ளே குழிஞ்ச சிரட்டை மாதிரி இருக்கும், விளிம்பு மட்டும்தான் ஒண்ணோடொண்ணு தொடும். அதனாலதான் கூடுறதுக்கு நாளாகுது, இடுப்பெலும்புத் துண்டும் வைக்க வேண்டிவருது. 3 முதல் 5 செ.மீ. வரை குறையலாம். செருப்பில் முழுசும் ஈடுகட்டாதீங்க. 1 முதல் 2 செ.மீ. குறைவாவே விடுங்க, மடங்காத கால் தரையில் இடிக்காம முன்னால வர அந்த இடைவெளி வேணும். இதே காரணத்தால, நிறையக் குறைஞ்ச காலை வளைக்காம நேராவே இணைப்பாங்க. வளைச்சா இன்னும் குறையும்.

இடது முழங்காலையும் இடுப்பையும் இப்பவே பார்த்துக்கோங்க. நாற்காலியில இருந்து எழும்பும்போது பாரமெல்லாம் இடது காலுக்குத்தான். நடக்கவும் கூடுதல் சக்தி செலவாகும், போகப்போக கீழ்முதுகு வலிக்கலாம்.

ஸ்பேசர் வச்சு கால் நீட்டின கட்டுல இருக்கிற இந்த வாரங்களை ஒத்திகையா எடுத்துக்கோங்க. டாக்டர் அனுமதிச்ச அளவுக்கு ஊன்றி, வீட்டு நாற்காலியில உட்கார்ந்து, ஆட்டோவில குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்து பார்க்கட்டும். பஸ்ஸுக்குள்ள நீட்டின காலை எல்லாரும் தட்டிட்டுப் போவாங்க. அதைவிட குழித்துறையில இருந்து ரயில்ல போறது நல்லது. படி ஏற நல்ல கால் முதல்ல, இறங்க இணைச்ச கால் முதல்ல. குத்தவச்சு உட்கார முடியாது, உயரமான வெஸ்டர்ன் கிளாசெட் வேணும். அதுல உட்கார்ந்து கால் நீட்டினா குதிகால் எங்க வருதுன்னு டேப் வச்சு அளந்துக்கோங்க. கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தா வெளிப்பக்கம் மாத்திருங்க.

எலும்பு_வார்டு:
ஒண்ணு விட்டுட்டேன். இணைச்ச பிறகு திரும்ப மூட்டு போடுறது ரொம்ப ஆபத்து, இதைக் கடைசி முடிவா வச்சு அம்மாகிட்டயே நேரா பேசுங்க. சர்ஜரிக்கு முன்னால சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க. ராடு போட்டு மாசங்கள் கழிச்சு, நிக்கும்போது முட்டுப் பக்கம் புதுசா வலிச்சா உடனே எக்ஸ்ரே எடுங்க. எலும்பு கூடலைன்னா ராடு சரியா அந்த இடத்துலதான் தேய்ஞ்சு ஒடியும்.