பொருள்: பவுன்ஸ் பிளாஷுக்குத் தமிழ்ச் சொல் தேவை (வெள்ளிக்குள்)

குடந்தையான் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். திருமணப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடக்கிறது. அதற்கான கையேட்டை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். லென்ஸ், ஷட்டர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சிக்கல் ஒரே இடத்தில்தான். பிளாஷை மணமக்களின் முகத்துக்கு நேரே காட்டாமல், அதன் தலையை மேலே திருப்பி, மண்டபத்து வெள்ளைக் கூரையில் பட்டு ஒளி கீழே இறங்கும்படி செய்வதைப் பவுன்ஸ் என்கிறார்கள். உள்ளங்கை அளவு விளக்குக்குப் பதிலாகக் கூரையே விளக்காகிவிடுகிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் கத்திபோல் விழுவதில்லை. மாப்பிள்ளையின் நெற்றி வேர்வையும் பளபளப்பதில்லை. 'எதிரொளி' என்று போட்டுப் பார்த்தேன். தெர்மோகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவதும் அதுதானே? பிறகு இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

வேர்ச்சொல்லடியான் எழுதியது:

தம்பி, கிளையை விட்டுவிட்டு வேரைப் பிடியுங்கள். முதலில் பிளாஷுக்கே சொல் இல்லாமல் பவுன்ஸுக்கு எங்கே போவது? 'இமைப்பொளி' என்பது என் பரிந்துரை. இமைத்தல் என்றால் கண் மூடித் திறப்பது மட்டுமன்று, ஒளிர்தலும் ஆகும். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலேயே 'ஓவற இமைக்கும் சேண்விளங்கு அவிரொளி' என்று வருகிறது. தொல்காப்பியரும் மாத்திரையை அளக்க நொடியோடு கண்ணிமையையும் எடுத்துக்கொண்டார். ஒளி, நேரம் இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்?

மண்டபத்துக்காரன் எழுதியது:

ஐயா, முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுத்து வயிறு வளர்க்கிறேன். பிளாஷ் அடித்த நொடியில் இமைப்பவர் பெண்ணின் அத்தை. குழுப்படம் ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்தத் தொழில் விபத்தையே கருவிக்குப் பெயராக வைக்கச் சொல்கிறீர்கள்.

மருதநிலத்தாள் எழுதியது:

இன்னொன்றும் இருக்கிறது. 'ஓவற' என்றால் இடைவிடாமல். நக்கீரர் சொல்வது ஞாயிறு போன்ற அணையாத ஒளியை. பிளாஷ் நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. ஐயா காட்டிய மேற்கோள் வீடியோக்காரரின் விளக்குக்குத்தான் பொருந்தும்.

வேர்ச்சொல்லடியான் எழுதியது:

ஓவற என்பது இமைத்தலுக்கு அடை. அடை இருப்பதாலேயே, அடையில்லாத இமைத்தல் விட்டுவிட்டு ஒளிர்வது என்று தெரியவில்லையா? வேண்டாமென்றால் 'மின்வெட்டு' என்று வையுங்கள். மின்னல் வெட்டுகிறது என்றுதானே சொல்கிறோம். மின்னிலிருந்து மீன் வந்தது, மீனிலிருந்து வான்மீன்...

மண்டபத்துக்காரன் எழுதியது:

'முகூர்த்த நேரத்தில் இரண்டு மின்வெட்டு பயன்படுத்துக' என்று கையேட்டில் அச்சாகட்டும். மண்டப மேலாளர் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடுவார்.

யாழ்வாசி எழுதியது:

எங்கள் பாடநூல்களில் இதற்கு எப்போதோ சொல் வந்துவிட்டது. உங்களுக்கு எதிரொளிப்பு, எங்களுக்குத் தெறிப்பு. உங்கள் ஒளிவிலகல் எங்களுக்கு முறிவு. ஆகவே அட்டைக்கு எதிரொளிப்பை வைத்துக்கொண்டு, பவுன்ஸுக்குத் 'தெறிப்பொளி' என்று எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு இரு கரையிலும் இரண்டு சொல் இருப்பது முதல் முறையாகப் பயன்படட்டும்.

குடந்தையான் எழுதியது:

அண்ணா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே தெறிப்பது என்றவுடன் பட்டுச்சேலையில் சாம்பார்தான் நினைவுக்கு வருகிறது.

யாழ்வாசி எழுதியது:

அது நல்லதுதானே? சாம்பாரும் பட்ட இடத்திலிருந்து நாலா பக்கமும் போகிறது. கண்ணாடியில் படும் ஒளி ஒரே திசையில் திரும்பும். சுண்ணாம்புக் கூரையில் பட்டது சிதறித்தான் இறங்கும். அதனால்தானே நிழல் மெத்தென்று இருக்கிறது?

வேர்ச்சொல்லடியான் எழுதியது:

தெறி வேறு, தெறு வேறு என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 'தெறுகதிர்க் கனலி'யைப் பார்க்கவும். தெறுதல் சுடுதல். சுடுகிற கதிரே தெறிக்கிற கதிரும். அது போகட்டும், போட்டோவைப் புகைப்படம் என்று எழுதுபவர்கள் இந்தக் குழுமத்தில் இன்னும் இருக்கிறார்கள். பிளாஷ் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1887இல் ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியை எரித்துப் படமெடுக்க வழி செய்தார்கள். எரித்தால் அறை முழுவதும் வெண்புகை. அந்தப் புகையால்தான் நம்மவர் புகைப்படம் என்றார்கள் என்பது என் துணிபு.

மருதநிலத்தாள் எழுதியது:

துணிபு சரி, சான்று? பழைய ஸ்டுடியோக்களில் கண்ணாடிக் கூரை வைத்துப் பகல் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். பொடியே எரிக்காத இடத்தில் புகை ஏது? ஒளிப்படமா, நிழற்படமா, புகைப்படமா என்ற வழக்கு இங்கே ஏற்கெனவே நான்கு இழைகளில் ஓடி முடியாமல் கிடக்கிறது. மட்டுறுத்துநர் என்ற முறையில் ஐந்தாவதைத் திறக்க மாட்டேன்.

மண்டபத்துக்காரன் எழுதியது:

கையேட்டைப் படிக்கப்போகும் பையன்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நாங்கள் பிளாஷ் 'போடுவது' குறைவு, 'அடிப்பது'தான் அதிகம். வெயில் அடிக்கிறது, டார்ச் அடிக்கிறோம், அதேபோல் இதுவும். முகத்துக்கு நேரே அடித்தால் நேரடி. அப்படியானால் கூரையில் அடிப்பது 'மேலடி'. சுவரில் அடித்தால் 'பக்கவடி'. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், தானே புரியும்.

அதோடு கையேட்டில் எழுத வேண்டியது வேறு இருக்கிறது. நேரே ஐந்தடியில் இருக்கும் முகத்துக்கு, கூரைக்குப் போய்த் திரும்பும் வழி பத்தடியானால் வெளிச்சம் கால்பங்குதான் வரும். கூரை விழுங்குவது தனிக் கணக்கு. மண்டபக் கூரை இருபதடி உயரம் என்றால் மேலடி வீண், பேட்டரிதான் காலியாகும். மஞ்சள் துணிப் பந்தலில் அடித்தால் பெண்ணுக்கு மஞ்சள்காமாலை. ஓமப்புகைக்கு எதிரே நேரடி அடித்தால் தாலியும் தெரியாது, ஐயரும் தெரியமாட்டார், ஒரே வெண்திரை. மேளம் கெட்டிமேளமாகிவிட்ட பிறகு தலையைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. முன்னதாகவே திருப்பி வைத்திருக்க வேண்டும்.

வேர்ச்சொல்லடியான் எழுதியது:

நேரடியில் உள்ள 'அடி' அடித்தல் அன்று, தாள். நேர் நின்ற அடி. அதை வைத்து மேலடி ஆக்கினால் மேலே தூக்கிய கால் என்றாகும். தில்லையில் ஏற்கெனவே ஒருவர் தூக்கியபடி நிற்கிறார்.

யாழ்வாசி எழுதியது:

மேலடி வேண்டாம். எங்கள் பக்கம் 'ஒரு அடி போட்டான்' என்றால் விஷயமே வேறு.

மருதநிலத்தாள் எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. கை தூக்கியவர்கள்: தெறிப்பொளிக்கு ஆறு, மேலடிக்கு மூன்று, எதிரொளிக்கு ஒன்று, இமைப்பொளிக்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்று யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. தூங்கப் போகலாமா?

குடந்தையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தெறிப்பொளி அச்சுக்குப் போய்விட்டது. பிளாஷ் பிளாஷாகவே இருக்கிறது. மண்டபத்துக்கார அண்ணன் சொன்ன துணிப்பந்தல், ஓமப்புகை இரண்டையும் அவர் சொற்களிலேயே ஒரு பக்கமாகச் சேர்த்துவிட்டேன்.

மண்டபத்துக்காரன் எழுதியது:

திங்களன்று வகுப்பில் கையேட்டைப் பிரித்து 'தெறிப்பொளி' என்று படித்துக் காட்டினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்து, 'தூக்கி அடிக்கச் சொல்கிறீர்களா சார்?' என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வேர்ச்சொல்லடியான் எழுதியது:

இரண்டாம் பதிப்பு எப்போது?